தண்ணீரை எதிர்த்துப் போன பானை

இருபத்தெட்டு ரூபாய் பதினோரணா. ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், காஜா மொய்தீன் பாயின் சாப்பாட்டுக் கடையில், கல்லாவுக்கு மேலே சுவரில் அந்தக் கடன் கரிக்கோடுகளாக நின்றது. ரூபாய்க்கு நெட்டைக் கோடு, அணாவுக்குக் குட்டைக் கோடு. துப்பறியும் ஞானதுரையும் அவருடைய கையாள் எத்திராஜும் மழைக்காலத்திலிருந்து கடனுக்குத் தின்ற தீனி அத்தனையும் அங்கே வேலி போட்ட மாதிரி தெரிந்தது.

எத்திராஜ் முன்பு துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். ஒரு நாள் முதுகு, இனிமேல் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டது. வாய் மட்டும் சொல்லவில்லை. அந்த வாயை நம்பித்தான் ஞானதுரையிடம் வந்து சேர்ந்தான். ஞானதுரை சரக்குக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஊரார் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்து, இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒல்லி ஆள். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும்.

"இன்னிக்கும் கடன்னு சொல்லிடாதீங்க நைனா," என்றார் பாய். "சொவுத்துல எடமில்ல. பக்கத்து வூட்டுச் சொவுத்துலதான் கிழிக்கணும்."

"கிழி பாய். அவங்க வூடும் கொஞ்சம் வெறிச்சோன்னுதான் கீது," என்றான் எத்திராஜ்.

"சிரிப்பா கீதா உனுக்கு? எனுக்கே பேஜாரு. எண்ணூர் பறவ சங்கத்துக்கு ஞாயித்துக்கெழம தவறாம ஆறு கோழி போய்க்கினு இருந்துச்சு. கார்த்திகையோட நின்னுபோச்சு. கோழியெல்லாம் கூண்டுல குந்திக்கினு என்னப் பாத்து சிரிக்குது. நீங்க குடுக்கவேண்டியதக் குடுத்தாலாவது அதுங்களுக்குத் தீனி போடுவேன்."

ஞானதுரை டீயை ஊதிக்கொண்டே சுவரைப் பார்த்தார். அதற்குள் வாசலில் ஒரு மீன்கூடை வந்து இறங்கியது. பின்னாலேயே ஒரு குரல்.

"துப்பு பாக்குற ஐயா இங்கதானே துன்னுக்கினு இருப்பாரு?"

"துன்றதுக்கு வழியில்லாம குந்திக்கினு இருப்பாரு," என்று எத்திராஜ் திருத்தினான். "இன்னா விஷயம் யக்கா?"

எண்ணூர்க் கழிமுகத்துக் குப்பத்திலிருந்து முதல் ரயிலில் வந்தவள் அவள். பேர் பச்சையம்மா. புருஷன் கோதண்டம் படகு ஓட்டுகிறவன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

விஷயம் இதுதான். உப்பளத்தை ஒட்டின உப்பங்கழியில் ஒரு பெரிய பரப்பைக் குத்தகைக்கு எடுத்து, 'இங்கே வேட்டை கூடாது' என்று பலகை நட்டு, பறவை பார்ப்பதற்கென்றே பட்டணத்துப் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பனிக்காலம் வந்தால் வடக்கேயிருந்து பறவைகள் வரும். அவற்றைப் பார்க்க இவர்கள் வருவார்கள். இவர்களை ஏற்றிக்கொண்டு போவது கோதண்டத்தின் படகு. இந்த வருஷம் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிளுவைகள் காணாமல் போகின்றன. கிளுவை என்றால் கைக்கு அடங்கும் சின்னக் காட்டு வாத்து. பிடித்தது கோதண்டம்தான் என்று சங்கம் முடிவு கட்டி, படகைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டது. இன்று ஞாயிறு; மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்.

"பாக்குறதுக்குன்னே சங்கமா?" எத்திராஜுக்கு அதிலேயே புத்தி நின்றுவிட்டது. "துன்றதுக்கு இல்லியா? சும்மா பாக்குறதுக்கா?"

"அத அவங்களக் கேளு. இந்த மூணு மாசக் கூலிலதான் நாங்க வருஷம் தள்ளுறோம். படகு பூட்டிக் கெடந்தா அடுப்பும் பூட்டிக்கும். போலீஸுல பேரு ஏறிச்சுன்னா அப்பறம் எந்தத் தொரை படகுல ஏறுவான்?" பச்சையம்மா ஞானதுரையைப் பார்த்தாள். "குடுக்கக் காசு இல்ல ஐயா. படகு அவுந்துச்சுன்னா ஒரு மாசத்துக்கு மீனு கொண்டாந்து போடறேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனா! நான் மீனை எந்தச் சொவுத்துல எழுதுவேன்?"

ஞானதுரை குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

*

எண்ணூரில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. உப்பளம் கண்ணுக்கெட்டின மட்டும் தட்டையாக, வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதன் ஓரத்தில் கழி. தண்ணீர் விளிம்பில் ஓர் ஓலைக் குடிசை. அதற்கு எட்டின தூரத்தில், கோரைப் புதருக்கு அந்தப்பக்கம், ஒரு சமையல் கொட்டகை. அங்கே புகை போய்க்கொண்டிருந்தது. மற்றபடி ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

குடிசைக்குள் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓலையில் வெட்டின சந்துகளில் தூரக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.

"வாத்தியாரே, டூரிங் டாக்கீஸுல டிக்கெட் எடுக்காம பாக்குறவன் மாதிரி கீறாங்க," என்றான் எத்திராஜ்.

"உஷ்!" என்று திரும்பினார் காரியதரிசி சுப்பராயன். ஜில்லா போர்டு ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் பளபளவென்று ஒரு புது டெலஸ்கோப். "யார் நீங்கள்? உட்காருங்கள். மெதுவாகப் பேசுங்கள்!" என்று அவர்தான் சத்தம் போட்டார்.

ஞானதுரை விஷயத்தைச் சொன்னதும் பக்கத்திலிருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு நகர்ந்து இடம் கொடுத்தாள். தண்டையார்ப்பேட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மிஸ் ஃப்ளோரன்ஸ். பறவைகளை எண்ணுகிற பொறுப்பு அவளுடையது.

"பாருங்கள், அதோ கிளுவைக் கூட்டம். இமயமலையைத் தாண்டி வந்தவை," என்று தன் கண்ணாடியைக் கொடுத்தாள்.

எத்திராஜ் வாங்கிப் பார்த்தான். "அவ்ளோ தூரம் பறந்து எண்ணூருக்கா வந்துதுங்க? பாவம், வழி தவறியிருக்கும்."

"எப்படிக் காணாமல் போகிறது மிஸ்? துப்பாக்கிச் சத்தம்?" என்று கேட்டார் ஞானதுரை.

"சத்தமே இல்லை சார். அதுதான் அதிசயம். நாங்கள் இத்தனை பேர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். முங்கின மாதிரி உள்ளே போகும். மேலே வரவே வராது."

"அதிசயம் என்ன அதிசயம்!" சுப்பராயன் தண்ணீரைக் காட்டினார். அங்கங்கே ஐந்தாறு மண்பானைகள் கவிழ்ந்தாற்போல் மிதந்துகொண்டிருந்தன. "அந்தப் பானைகளைப் பார்த்தீர்களா? கார்த்திகையிலிருந்து கிடக்கின்றன. மீன்காரன் வைத்த மிதப்பு! அடியில் வலை இருக்கிறது. அதில்தான் பறவை சிக்குகிறது."

குடிசையின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் கோதண்டம். கறுத்துச் சிறுத்த ஆள். அவனைப் பார்வையிலிருந்து விடக்கூடாது என்று காலையிலிருந்து அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள்.

"அது என் பானை இல்ல சாமி. எங்க வலைக்கு மரக்கட்டதான் மெதப்பு," என்றான். "நீங்கதான் பறவைங்க வெளயாட வுட்டுருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நாங்களா? நாங்கள் உன் பானை என்றல்லவா தொடாமல் விட்டோம்!"

எத்திராஜ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ரெண்டு மாசமாக இவர்கள் அவன் பானை என்றும், அவன் இவர்கள் பானை என்றும் மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். கேட்பாரில்லாத பானைகள் ராஜா மாதிரி மிதந்திருக்கின்றன.

"அடியில் வலை இருந்ததா? தேடிப் பார்த்தீர்களா?" என்றார் ஞானதுரை.

சுப்பராயன் தொண்டையைக் கனைத்தார். "தேடினோம். கிடைக்கவில்லை. கள்ளன், ராத்திரியே எடுத்திருப்பான்."

ஞானதுரை கழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். கழிமுகத்தில் மணல் மேடிட்டிருந்ததால் பானைகள் வெளியே போய்விடாமல், ஏற்றத்தில் உள்ளேயும் இறக்கத்தில் கடல்வாய்ப் பக்கமுமாக ஊசலாடிக்கொண்டிருந்தன. பூநாரைகள் செக்கச்செவேலென்று தூரத்தில் நின்றன. உள்ளான் குருவிகள் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தின. எத்திராஜுக்குப் பசி வந்தது. பசி வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"வாத்தியாரே, அந்தப் பானைங்களப் பாரேன். எல்லாம் ஷிப்டு முடிஞ்சி வூட்டுக்குப் போவுது. ஒண்ணு மட்டும் ஓவர்டைமுக்கு உள்ள போவுது."

ஞானதுரை வெடுக்கென்று நிமிர்ந்தார். "எது?"

"அதோ, அந்த மூக்கு ஒடஞ்ச பானை."

ஐந்து பானைகள் தண்ணீரோடு வாய்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. ஆறாவது, தண்ணீரை எதிர்த்து, ஒரு அவசரமும் இல்லாமல், கிளுவைக் கூட்டத்தைப் பார்த்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"எத்திராஜ்," என்றார் ஞானதுரை மெதுவாக, "பானைக்கு நீச்சல் தெரியுமா?"

பானை கூட்டத்துக்குள் நுழைந்தது. கிளுவைகள் அதைச் சட்டை செய்யவில்லை. ரெண்டு மாசமாகப் பார்த்துப் பழகின பானை. ஓரத்தில் நீந்தின ஒரு கிளுவை, அடியிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, லபக்கென்று கீழே போனது. சத்தமில்லை. வட்டம் வட்டமாக ஒரு சின்ன அலை, அவ்வளவுதான்.

"அடப் பாவி மட்டை!" எத்திராஜ் கையில் இருந்த கண்ணாடியைக் கோதண்டத்தின் மடியில் போட்டுவிட்டுக் குடிசையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். மொத்தக் கழியும் சடசடவென்று எழும்பிப் பறந்தது. பானை கோரைப் புதர்ப் பக்கம் திரும்பி வேகம் பிடித்தது.

"ஐயோ, என் கணக்கு!" என்று கத்தினாள் மிஸ் ஃப்ளோரன்ஸ்.

சேறு அவனை முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. ஒரு காலை எடுத்தால் மறுகால் உள்ளே போனது. மூட்டை சுமந்த காலத்தில்கூட அவன் அப்படித் தள்ளாடினதில்லை. கோரைப் புதரை அவன் எட்டும்போது அங்கே ஆள் இல்லை. பானை மட்டும் மல்லாக்கக் கிடந்து ஆடியது. எடுத்துப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கமாய் ரெண்டு ஓட்டைகள். விளிம்பில் சும்மாட்டுத் துணி சுற்றியிருந்தது.

தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஓட்டைகள் ரெண்டும் கண்ணுக்கு நேராக நின்றன.

சேறு சொட்டச் சொட்ட, தலைக்குப் பதில் பானையோடு அவன் குடிசைக்குள் நுழைந்ததும் ஒருத்தர் பெஞ்சியிலிருந்து கீழே விழுந்தார். மிஸ் ஃப்ளோரன்ஸ் கூவிவிட்டு, அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இதான் வலை," என்றது பானை. "கழுத்தளவு தண்ணில நடந்து போயி, வாத்துக் காலப் புடிச்சி உள்ள இழுத்துக்க வேண்டியது."

"அது நடந்தபோது கோதண்டம் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்," என்றார் ஞானதுரை.

சுப்பராயன் விட்டுக்கொடுக்கிற ஆளா? "அப்படியானால் கூட்டாளி! குப்பத்தில் ஆளுக்கா பஞ்சம்? சாப்பாடு ஆனதும் போலீஸுக்கு ஆள் அனுப்பத்தான் போகிறேன். இவன் பேரைத்தான் எழுதப் போகிறேன்."

கோதண்டத்தின் முகம் சுருங்கியது. வாசலில் நின்ற பச்சையம்மா ஞானதுரையைப் பார்த்தாள்.

"வெளியே எட்டிப் பாருங்கள்," என்றார் ஞானதுரை. "உப்பளம் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. எத்திராஜ் ஓடின நேரத்துக்குள் அதில் ஒருத்தன் தப்பி ஓடியிருந்தால் எறும்பு மாதிரி தெரிந்திருப்பான். யாரும் ஓடவில்லை. ஆள் எங்கேயும் போகவில்லை சார். முதலில் சாப்பிடலாம்."

*

சமையல் கொட்டகையில் வாழையிலை போட்டு நெய்ச்சோறும் குருமாவும் வாசனை தூக்கியது. பரிமாறினவன் சங்கத்துச் சமையல்காரன் இன்னாசி. சலவைச் சட்டை, கலையாத தலைப்பாகை, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை கிடையாது.

"இன்னாசி கைக் குருமாவுக்காகவே பாதிப் பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள்," என்று பெருமையடித்தார் சுப்பராயன். "இந்த வருஷம் கோழி தனி ருசி!"

எத்திராஜ் மூன்றாவது துண்டில் இருந்தான். ஞானதுரையின் இலையில் மட்டும் குருமா அப்படியே இருந்தது.

இன்னாசி அவருக்குச் சோறு வைக்கக் குனிந்தான். அப்போது எத்திராஜும் பார்த்தான். சட்டைக் காலருக்கு மேலே, கழுத்தைச் சுற்றி, சுண்ணாம்பில் கோடு கிழித்த மாதிரி ஒரு வெள்ளை வளையம்.

"குளிச்சீங்களா இன்னாசி?" என்றார் ஞானதுரை.

"ஆமா சார். காலையிலேயே. கெணத்துல."

"கிணத்துத் தண்ணி காய்ந்தால் உப்பு பூக்குமா? அதுவும் கழுத்தோடு நிற்குமா? குளிக்கிறவன் முதலில் தலையைத்தானே நனைப்பான்? கழியில் கழுத்து வரைக்கும் இறங்கி, தலையை மட்டும் நனைக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்கிறவன் யார்?"

இன்னாசி கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். சுப்பராயன் எழுந்தே விட்டார். "இன்னாசியா? அபாண்டம்! அவன் இங்கே அடுப்படியில் இருந்தான். புகை வந்ததே!"

"புகையை விறகு பார்த்துக்கொள்ளும் சார். இன்னாசி, இன்னொரு கேள்வி. இந்தக் கோழி எந்தக் கடையில் வாங்கினது?"

"எப்பவும் வாங்குற கடைதான் சார். ராயபுரம் காஜா மொய்தீன் பாய் கடை. வாரம் ஆறு."

எத்திராஜின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"எத்திராஜ், காலையில் பாய் என்ன சொன்னார்?"

"கார்த்திகையிலேர்ந்து..." எத்திராஜ் கையை இறக்கினான். துண்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "கார்த்திகையிலேர்ந்து ஒரு கோழிகூடப் போவல. எல்லாம் கூண்டுல குந்திக்கினு சிரிக்குதுன்னாரு."

மிஸ் ஃப்ளோரன்ஸ்தான் மெதுவாகக் கேட்டாள். "அப்படியென்றால், காணாமல் போன கிளுவைகள் எல்லாம்..."

ஞானதுரை தன் இலையை மரியாதையாக இரண்டு விரலால் முன்னால் தள்ளினார்.

பெரிய மனிதர்கள் எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்தார்கள். இரண்டு மாசமாகக் காலையில் எண்ணி, மத்தியானம் தின்று, சாயங்காலம் 'குறைகிறதே' என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். தொப்பிக்காரர் ஒருவர் வெளியே ஓடினார்.

"நான்," என்றார் சுப்பராயன் பலவீனமாக, "போன வாரம் ரெண்டு தரம் கேட்டு வாங்கினேன்."

"இமயமல தாண்டி வந்தத," என்றான் எத்திராஜ், "நம்ம வயித்தத் தாண்ட வுடாம பண்ணிட்டோமே வாத்தியாரே!"

இன்னாசி கரண்டியைக் கீழே வைத்தான். அழுவான் என்று எத்திராஜ் எதிர்பார்த்தான். அவன் கோபித்துக்கொண்டான்.

"புது டெலஸ்கோப்பு வேணும்னு கோழிக் காசப் பாதியாக் கொறச்சது யாரு? கோழி மட்டும் கொறையக்கூடாது, சங்கத்துக்கு மானக்கேடுன்னு சொன்னது யாரு? குடுத்த காசு நெய்க்கும் மசாலாவுக்குமே பத்தல. நான் இன்னா பண்றது? கண்ணு முன்னால கழி பூரா வாத்து நீந்திக்கினு கீது! எங்க நைனா மாதவரம் ஏரியில பானை போட்டுப் புடிக்கிறத சின்ன வயசுல பாத்தேன். செஞ்சேன்."

எல்லாரும் டெலஸ்கோப்பின் சொந்தக்காரரைப் பார்த்தார்கள். சுப்பராயன் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டார்.

"அது சரி இன்னாசி," என்றான் கோதண்டம். அன்றைக்கு அவன் பேசின நீளமான பேச்சு அதுதான். "என் படகுக்குச் சங்கிலி போடும்போது நீதானே பூட்ட எடுத்துக் குடுத்த? என் மொகத்தப் பாத்துக்கினே குடுத்தியே."

இன்னாசி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, "தப்புதான் மாமு. மன்னிச்சிக்க," என்றான்.

"மன்னிப்ப வெச்சி எந்தக் கொழம்பு வெக்கிறது? சாவிய எடு மொதல்ல!" என்றாள் பச்சையம்மா.

சாவி சுப்பராயனின் பையில் இருந்தது. மிஸ் ஃப்ளோரன்ஸ் வகுப்பு நடத்துகிற குரலில் தீர்ப்பு சொன்னாள். படகு பூட்டிக்கிடந்த நாட்களுக்கெல்லாம் கோதண்டத்துக்குக் கூலி, அதுவும் காரியதரிசியின் சொந்தப் பையிலிருந்து. டெலஸ்கோப்பை விற்றுக் கோழிக் காசு முழுசாகத் தரவேண்டும். மிச்சம் இருக்கும் பருவத்துக்கு இன்னாசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கோதண்டத்தின் படகிலேயே உட்கார்ந்து கிளுவைகளுக்குக் காவல்.

"காவலா? இவனா?" என்றார் சுப்பராயன்.

"எந்தப் பானை எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவனுக்குத்தானே தெரியும்?" என்றாள் மிஸ்.

கோதண்டம் சங்கிலியை அவிழ்த்துப் படகைத் தண்ணீரில் தள்ளினான். அது லேசாக ஆடிக்கொண்டு மிதந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பச்சையம்மா மூச்சு விட்டாள். போகிற போக்கில் எத்திராஜின் கையிலிருந்த ஓட்டைப் பானையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கொழம்புக்கு ஆவாது. கோழி அடை வெக்க ஆவும்," என்றாள்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரெண்டு பேரும் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எத்திராஜின் கால்சட்டையில் சேறு காய்ந்து ஓடு ஓடாக உதிர்ந்தது.

"வாரம் ஆறு கோழி," என்று ஞானதுரை சங்கம் கொடுத்த முன்பணத்தைப் பாயின் முன்னால் வைத்தார். "இனிமேல் கோழியை மிஸ் ஃப்ளோரன்ஸே வந்து, உயிரோடு பார்த்து, வாங்கிக்கொண்டு போவாள். கூண்டைச் சுத்தமாக வையுங்கள்."

பாய் பணத்தைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். அப்புறம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஈரத் துணியை எடுத்து, நெட்டைக் கோட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"பாய், பாய்! இன்னா பண்ற?" எத்திராஜ் பதறினான். அத்தனை நாளாய்ப் பார்த்துப் பழகின கோடுகள்.

"என் கோழிங்க சிரிச்சத நான் சொன்னேன். கேட்டவரு நைனா ஒருத்தருதான். இருபத்தெட்டு ரூபா போனா, வாராவாரம் ஆறு கோழி வியாபாரம் திரும்பி வருது. எனுக்குக் கணக்குத் தெரியாதா? குந்து, துன்னு."

தட்டு வந்தது. மேலே பெரிய கால் துண்டு. எத்திராஜ் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான், மறுபடி குனிந்து முகர்ந்து பார்த்தான்.

"பாய், கோச்சிக்காதே. இது கோழிதானே?"

பின்கட்டுக் கூண்டிலிருந்து ஒரு சேவல் ஆங்காரமாகக் கூவியது. பாய் கடைசிக் குட்டைக் கோட்டையும் துடைத்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.